எத்தனை தடவை வீசுவார் நொவிட்ஸ்கி?

பரீட்சை முடிஞ்சு ஹாலை விட்டு வெளியில வந்ததும் நடக்குமே ஒரு பேச்சு, அதுக்குன்னு தனியா ஒரு வரலாறே எழுதலாம். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க. நாங்க ப்ளஸ் டூ எழுதினப்போ கணக்குக்கு 200 மார்க். அதுல 40 கேள்வி ஒரு மார்க் சமாச்சாரம். மணி அடிச்சதும் வேப்பமரத்தடியில கூட்டம் கூடும். "பதினேழாவதுக்கு மூணா ரெண்டா?" "டேய், அது கம் புக்ல இருக்குடா, மூணுதான்." யாரோ ஒருத்தன் மூஞ்சி தொங்கிப் போகும். எஞ்சினியரிங் கட்-ஆஃப்ல கணக்குக்குத்தான் பாதி வெயிட். ஒரே கட்-ஆஃப்ல எத்தனை பேர் வரிசைகட்டி நிப்பாங்கன்னு கவுன்சலிங் போனவங்களுக்குத் தெரியும். அந்த மரத்தடியிலயே சில பேரோட காலேஜ் மாறிப் போகும்.

எங்க கோஷ்டில ஒருத்தன், நல்லா கணக்கு வரும் அவனுக்கு. ஒரு தடவை ஹால்ல எழுந்து நின்னு, "சார், இந்தக் கேள்வில ஒரு டவுட்டு"ன்னு கேட்டுட்டான். மேற்பார்வைக்கு வந்திருந்தவர் வேற ஸ்கூல் விலங்கியல் வாத்தியார். பாவம், அவர் என்ன பண்ணுவார்? "கொஷ்டின்ல என்ன இருக்கோ அதைப் படிச்சு எழுதுப்பா"ன்னுட்டார். வெளில வந்து எங்க கிட்ட புலம்பினான். "அவ்ளோ யோசிக்காதடா, எல்லாரும் போட்ட மாதிரி போட்டிருக்கலாம்ல"ன்னு நாங்களும் அட்வைஸ் மழை பொழிஞ்சோம்.

ஜெர்மனில 2008ல நடந்த ஒரு கதையைப் படிச்சப்போ அவன் ஞாபகம்தான் வந்துச்சு. சரி, மேட்டருக்கு வருவோம்.

ஜெர்மனில ஸ்கூல் முடிக்கிறப்போ எழுதற பரீட்சைக்கு அபிட்டூர்னு பேர். அதுதான் பல்கலைக்கழகத்துக்கு நுழைவுச்சீட்டு. மருத்துவம் மாதிரி இடம் கம்மியா இருக்கிற படிப்புக்கெல்லாம் இந்த கிரேடு ரொம்ப முக்கியம். மாணவர்கள் ஒரு சில பாடங்களை உயர்நிலைப் பாடமா எடுத்து வாரத்துக்கு அதிக மணி நேரம் படிப்பாங்க. கணக்கை அப்படி எடுக்கிறவங்களுக்கு வர்ற வினாத்தாள் நம்ம ப்ளஸ் டூ மாதிரி இருக்காது. கேள்வி எண்ணிக்கை கம்மி. ஆனா ஒவ்வொண்ணும் பக்கக்கணக்குல நீளும். (அ)ல கிடைச்ச விடையை வெச்சுத்தான் (ஆ), அதை வெச்சு (இ). முதல் படில வழுக்கினா கடைசி வரைக்கும் வழுக்கல்தான்.

இதுல ஒரு விசேஷம் என்னன்னா, ஜெர்மனில கல்வி மாநிலங்களோட கைல. பவேரியால பல பத்தாண்டுகளாவே மாநிலம் முழுக்க ஒரே வினாத்தாள். ஆனா நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன்னு ஒரு மாநிலம் இருக்கு. கொலோன், டுஸ்ஸல்டார்ஃப், டார்ட்மண்ட் எல்லாம் அங்கதான். சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் இருக்கிற, அந்த நாட்டுலயே ஜனத்தொகை அதிகமான மாநிலம். அங்க 2006 வரைக்கும் அந்தந்த ஸ்கூல் வாத்தியாரேதான் தன் பசங்களுக்கு அபிட்டூர் கேள்வி எழுதுவார். எழுதி மேலதிகாரிகளுக்கு அனுப்புவார், அவங்க ஓகே பண்ணுவாங்க. நம்ம ஊர்ல இதைச் சொன்னா சிரிப்பாங்க. "வாத்தியாரே பேப்பர் செட் பண்ணி வாத்தியாரே திருத்தினா விளங்கிடும்"னு.

கிட்டத்தட்ட அதே சந்தேகம் அவங்களுக்கும் வந்துச்சு. 2000ல நடந்த பிசா சர்வதேச ஒப்பீட்டுத் தேர்வோட முடிவுகள் 2001 டிசம்பர்ல வெளியாச்சு. ஜெர்மனி சராசரிக்கும் கீழ. கார் பண்றவங்க, மருந்து பண்றவங்க, காவ்ஸும் ரீமானும் பொறந்த ஊர்க்காரங்க, அவங்களுக்கு இது பெரிய அடி. 'பிசா அதிர்ச்சி'ன்னே அதுக்குப் பேர் வெச்சாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு மாநிலமா பொது வினாத்தாளுக்கு மாற ஆரம்பிச்சுது. நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன்ல முதல் பொது அபிட்டூர் 2007ல. நம்ம கதை நடந்தது அதுக்கு அடுத்த வருஷம். அதாவது சிஸ்டம் லைவ் போய் ரெண்டாவது ரிலீஸ். ரெண்டாவது ரிலீஸ்லதான் பக் வெளில வரும்னு பொட்டி தட்டறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம் :-)

2008 கணக்குப் பரீட்சை முடிஞ்சு வெளில வந்த பசங்க ரெண்டு விஷயத்தைப் பத்திப் புலம்பினாங்க. ஒண்ணு வெக்டர் வடிவியல்ல ஒரு எண்முகி. சதுர அடி வெச்ச ரெண்டு பிரமிடை அடியோட அடி சேர்த்து ஒட்டினா வர்ற, எட்டு முக்கோண முகம் இருக்கிற உருவம். அந்தக் கேள்விக்கு 'பயங்கரத்தின் எண்முகி'ன்னு பேர் கெடச்சு, பத்திரிகைகள் அதையே தலைப்பாக்கிடுச்சு. பேயைப் பாத்த மாதிரி ஒரு பேர். இது கஷ்டமான கேள்வி, அவ்வளவுதான். இதை நான் இத்தோட விட்டுடறேன். கஷ்டமான கேள்வி எல்லா ஊர்லயும் இருக்கு.

ரெண்டாவதுதான் சுவாரஸ்யம். நிகழ்தகவுக் கேள்வி. ஹீரோ நம்ம டிர்க் நொவிட்ஸ்கி. பவேரியால வூர்ட்ஸ்பர்க்ல பொறந்து, அமெரிக்கா போய், டல்லாஸ் மேவரிக்ஸ் அணிக்காக ஆடின கூடைப்பந்துக்காரர். 2007ல என்.பி.ஏ.வோட மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். ஜெர்மன் பசங்களுக்கு அவர் நம்ம பசங்களுக்கு தோனி மாதிரி. வினாத்தாள் எழுதினவர், பசங்க குஷியாவாங்கன்னு நெனச்சு அவரை உள்ள இழுத்திருக்கணும்.

கேள்வியோட சாரம் இதுதான். 2006-07 சீசன்ல ஃப்ரீ த்ரோவுல நொவிட்ஸ்கியோட வெற்றி விகிதம் 90.4 சதவீதம். (ஃப்ரீ த்ரோன்னா, எதிரணி தப்பாட்டம் ஆடினா, தடுக்க ஆளே இல்லாம கோட்டுல நின்னு கூடையைப் பாத்து வீசறது.) மூணு நிகழ்தகவு கண்டுபிடிக்கணும். முதலாவது, பத்து வீச்சுல சரியா எட்டு விழறதுக்கு. ரெண்டாவது, பத்து வீச்சுல அதிகபட்சம் எட்டு விழறதுக்கு. மூணாவது, அவர் தொடர்ச்சியா அதிகபட்சம் நாலு தடவை வெற்றிகரமா வீசறதுக்கு.

முதல் ரெண்டும் அல்வா. ஈருறுப்புப் பரவல், சூத்திரத்துல போட்டா 18.5 சதவீதம், 24.8 சதவீதம்னு வந்துடும். சூத்திரம் தெரிஞ்ச எவனுக்கும் அஞ்சு நிமிஷம் கூட ஆகாது.

மூணாவதைத் திரும்பப் படிங்க. எத்தனை வீச்சுல?

முதல் ரெண்டுலயும் 'பத்து வீச்சுல'ன்னு இருக்கு. மூணாவதுல இல்ல. இப்போ ஹால்ல உக்காந்திருக்கிற பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையனா உங்களை நெனச்சுக்கோங்க.

ஒரு பையன் இப்படி யோசிப்பான்: நொவிட்ஸ்கி வீச ஆரம்பிக்கிறார், முதல் தடவை தவற விடற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்கோம். அந்த எண்ணிக்கை நாலைத் தாண்டக் கூடாது. அதாவது முதல் அஞ்சும் விழுந்துடக் கூடாது. 0.904ஐ அஞ்சு தடவை பெருக்கினா 0.604. ஒண்ணுலேருந்து கழிச்சா 39.6 சதவீதம். ரெண்டு வரில முடிஞ்சுது.

பக்கத்து பெஞ்சுப் பொண்ணு வேற மாதிரி. மேல ரெண்டுலயும் பத்து வீச்சுதானே, அப்போ இதுவும் பத்து வீச்சுதான். அந்தப் பத்துக்குள்ள எங்கயுமே தொடர்ச்சியா அஞ்சு விழுந்துடக் கூடாது. இது கொஞ்சம் மூளையைக் கசக்கற வேலை. தொடர்ந்து அஞ்சு விழற வரிசை முதல் வீச்சுலயே ஆரம்பிக்கலாம். இல்லன்னா ரெண்டுலேருந்து ஆறாவது வரைக்கும் ஏதாவது ஒரு வீச்சுல ஆரம்பிக்கலாம். அப்படி நடுவுல ஆரம்பிச்சா அதுக்கு முந்தின வீச்சு தவறியிருக்கணும். பத்து வீச்சுக்குள்ள அஞ்சு அஞ்சா ரெண்டு வரிசை, நடுவுல ஒரு தவறலோட, வரவே முடியாது. அதனால எதையும் ரெண்டு தடவை எண்ணிடற பயம் இல்ல. எல்லாத்தையும் கூட்டினா 0.604 பெருக்கல் 1.48. அதாவது 89.4 சதவீதம். அது நடக்காம இருக்க 10.6 சதவீதம்.

ஒரு சனிக்கிழமை ஆணி பிடுங்கற வேலை இல்லாத நேரத்துல, பைத்தான்ல பத்து வரி எழுதி, நொவிட்ஸ்கியைப் பத்து லட்சம் தடவை பத்துப் பத்தா வீச வெச்சுப் பாத்தேன். 10.6தான் வந்துச்சு. பொண்ணோட கணக்குல தப்பே இல்ல. முதல் பையனோட கணக்குலயும் தப்பே இல்ல.

மூணாவது ஒருத்தர் இருப்பார், வாழ்க்கைல கொஞ்சம் விவரமானவர். "எண்ணிக்கையே சொல்லலையே, அப்போ அந்த சீசன் முழுக்கன்னு அர்த்தமோ?" ஒரு சீசன்ல அவர் வீசறது நூத்துக்கணக்குல. அத்தனைக்குள்ள ஒரு தடவை கூட தொடர்ந்து அஞ்சு விழாம இருக்க வாய்ப்பு பூஜ்யம்னே வெச்சுக்கலாம். அவருக்கும் விடை இருக்கு. 'தொடர்ச்சியா'ங்கற வார்த்தையை அவசரத்துல கோட்டை விட்டுட்டு, பத்துக்கு அதிகபட்சம் நாலுன்னு படிச்சவனுக்கு 0.01 சதவீதம் வரும். அவன் ஒருத்தன்தான் தப்பு.

ஆக மணி அடிச்சதும் ஸ்கூல் வாசல்ல நாலு பேர் நாலு விடையோட நிக்கறாங்க. இதுல மூணு பேர் சரியா கணக்குப் போட்டவங்க. மரத்தடியில "நீ என்ன போட்டே"ன்னு கேட்டா சாதாரணமா என்ன ஆகும்? யாராவது ஒருத்தர் தன் தப்பைக் கண்டுபிடிச்சுத் தலைல கை வெச்சுப்பார். இங்க எவ்ளோ சரிபார்த்தாலும் தப்பு கெடைக்காது. விவாதம் விடையைத் தாண்டி கேள்விக்குப் போயிடும். ஒரு பரீட்சைக்கு அப்புறம் பசங்க பேசற பேச்சுல இதைவிட நல்ல கணக்கு இருக்க முடியாதுங்கறது என் கட்சி. ஏன்னா கணக்குல பாதி வேலை, என்ன கேக்கறாங்கன்னு தெளிவாக்கறதுதானே. நாமளும் ஆபீஸ்ல க்ளையண்ட் அனுப்பற ரிக்வயர்மெண்ட்டை வெச்சுக்கிட்டு அதைத்தானே பண்றோம். ஒரு வித்தியாசம், நாம ஒரு மெயில் தட்டிக் கேக்கலாம். அவங்களால கேக்க முடியாது.

இந்த 'கேக்க முடியாது'தான் விஷயமே. 2006ல ஒரு பையன் ஹால்ல எழுந்து "எத்தனை வீச்சு சார்?"னு கேட்டிருந்தா, கேள்வியை எழுதினவர் அதே ஸ்கூல்ல இருந்திருப்பார். "அட, பத்துன்னு போட மறந்துட்டேனே"ன்னு போர்டுல எழுதிப் போட்டிருப்பார். அதோட முடிஞ்சுது. அந்த ஓட்டை ஒரு ஸ்கூலோட ஓட்டை. 2008ல வாத்தியாரும் அந்தக் கேள்வியை எழுதினவர் இல்ல. அவர் என்ன விளக்கம் சொன்னாலும் அது அவரோட ஊகம்தான். பக்கத்து ஊர் வாத்தியார் வேற ஊகம் சொல்லலாம். நம்ம விலங்கியல் வாத்தியார் நெலமைக்குக் கணக்கு வாத்தியாரே வந்துட்டார். எல்லாருக்கும் சமமா இருக்கட்டும்னுதான் பொது வினாத்தாள் கொண்டு வந்தாங்க, அது நல்ல நோக்கம்தான், நான் குறை சொல்லல. வாத்தியாருக்குப் பிடிச்ச பையன், பிடிக்காத பையன்ங்கற பிரச்சினை அதுல போச்சு. கூடவே, கேள்வில ஒரு சொல் விட்டுப் போனா அதைச் சரி பண்ற ஆளும் ஹாலை விட்டுப் போயிட்டார்.

இன்னொண்ணும் நடந்துச்சு. முன்னாடி ஒரு ஸ்கூல்ல முப்பது பேர் புலம்பினா அது முப்பது பேர் புலம்பல். இப்போ மாநிலம் பூரா ஒரே நாள், ஒரே கேள்வி. மரத்தடி ரொம்பப் பெரிசாயிடுச்சு. மாணவர்கள், பெற்றோர், வாத்தியார்கள்னு எல்லா பக்கத்துலேருந்தும் புகார். மூணாவது கேள்விக்கு, குடுத்த தகவலை வெச்சு ஒரே ஒரு விடைன்னு சொல்ல முடியாதுன்னு விஷயம் தெரிஞ்சவங்களே பேச ஆரம்பிச்சாங்க. மாநிலக் கல்வி அமைச்சர் பார்பரா சொம்மர். அவங்க துறை முதல்ல வினாத்தாள் சரியாத்தான் இருக்குங்கற பக்கம்தான் நின்னுச்சு. எந்த ஊர்லதான் துறை உடனே ஒத்துக்கும்? கடைசில எறங்கி வந்தாங்க. கணக்குல பாதிக்கப்பட்டதா நெனைக்கிறவங்க விருப்பப்பட்டா மறுபடி எழுதலாம்னு வாய்ப்பு குடுத்தாங்க.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பசங்க பக்கம் யோசிங்க. பரீட்சை முடிஞ்சுதுன்னு புஸ்தகத்தைத் தூக்கிப் போட்டாச்சு. இப்போ மறுபடி எடுத்து வெச்சு, மறுபடி ஹாலுக்குப் போய், மறுபடி மணிக்கணக்குல எழுதணும். கேள்வி எழுதினவர் ஒரு சொல்லை விட்டதுக்கு அபராதம் கட்டறது பதினெட்டு வயசுப் பையன். நம்ம ஊர்ல கேள்வி தப்பா இருந்தா 'முயற்சி பண்ணவங்களுக்கு முழு மார்க்'னு குடுத்துடற பழக்கம் உண்டு. அதுலயும் ஒரு அநியாயம் இருக்கு. கேள்வி தப்புன்னு புரிஞ்சு தொடாம விட்டவனுக்கு அது கெடைக்காது. தொட்டு எதையோ கிறுக்கினவனுக்குக் கெடைக்கும். அந்த ஹால்ல ரொம்ப நேரம் யோசிச்சவங்களோட நஷ்டம்தான் ரெண்டு ஊர்லயும் ஈடாகாம நிக்குது. மூணாவது கேள்விக்கு மூணு அர்த்தம் இருக்குன்னு கண்டுபிடிச்ச பொண்ணு, எதை எழுதறதுன்னு முழிச்சுக்கிட்டே கால் மணி நேரத்தைத் தொலைச்சிருப்பா. ஒரே அர்த்தம் மட்டும் தோணினவன் ரெண்டு வரில முடிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பான். அந்தக் கால் மணி நேரத்துக்கு எந்த விடைத்தாள்லயும் இடம் இல்ல.

ஒரு சின்ன கிளைக்கதை. இந்தக் கேள்வில யாரும் பெரிசா சண்டை போடாத இன்னொரு ஓட்டையும் இருக்கு. ஒவ்வொரு வீச்சும் முந்தினதோட சம்பந்தமே இல்லாததுன்னு எடுத்துக்கிட்டாத்தான் மேல போட்ட எல்லாக் கணக்கும் செல்லும். நாலு விழுந்தவருக்கு அஞ்சாவது விழற வாய்ப்பு அதே 90.4தானா? ஆட்டக்காரர்கள் கிட்ட கேட்டா, "கை சூடாயிட்டா விழுந்துக்கிட்டே இருக்கும்"பாங்க. 1985ல கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கின்னு மூணு பேர் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியோட ஃப்ரீ த்ரோ கணக்கையெல்லாம் எடுத்து ஆராய்ச்சி பண்ணி, 'சூடான கை'ங்கறது நம்ம மனப்பிரமைதான்னாங்க. முப்பது வருஷத்துக்கும் மேல அதுதான் வேதவாக்கு. 2018ல மில்லர், சன்ஹூர்ஹோன்னு ரெண்டு பேர், அந்த ஆராய்ச்சில எண்ணின முறையிலயே ஒரு நுணுக்கமான சறுக்கல் இருக்குன்னு நிரூபிச்சாங்க. தொடர் வெற்றியை எண்ணறதுல பேராசிரியர்களே வழுக்கியிருக்காங்க. பரீட்சை ஹால்ல பசங்க குழம்பினதுக்கு வேற சாட்சி வேணுமா?

மரத்தடி பெரிசாகறது 2008ஓட நிக்கல. 2017லேருந்து ஜெர்மன் மாநிலங்கள் கணக்கு உள்ளிட்ட சில பாடங்களுக்குப் பொதுவா ஒரு கேள்விக் களஞ்சியம் வெச்சு, அதுலேருந்து கேள்விகளை எடுத்துக்க ஆரம்பிச்சாங்க. ஸ்கூல் போய் மாநிலம், மாநிலம் போய் கிட்டத்தட்ட நாடு. 2019 மே மாசம் கணக்குப் பரீட்சை முடிஞ்ச கையோட ஒரே நேரத்துல பல மாநிலங்கள்ல இணையத்துல கையெழுத்து வேட்டை. பவேரியால பரீட்சை எழுதினவங்களே சுமார் 37,000 பேர்தான். கையெழுத்து அதைத் தாண்டி எங்கயோ போயிடுச்சு. அப்பா, அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் போட்டிருப்பாங்க போல. பவேரியா அமைச்சர் மைக்கேல் பியாட்ஸோலோ வினாத்தாளை ஆராயச் சொல்லிட்டு, கடைசில மார்க்கை மாத்த முடியாதுன்னுட்டார். ஹாம்பர்க்ல மார்க்கைக் கொஞ்சம் ஏத்தினாங்க.

2019 பசங்க மேல எனக்குக் கொஞ்சம் கம்மி அனுதாபம்தான், திட்டாதீங்க. அவங்க புகார் பெரும்பாலும் கஷ்டமா இருந்துச்சு, நேரம் பத்தலங்கறது. அது நியாயமா கூட இருக்கலாம், ஆனா அதை அளக்கறதுக்கு வழி இருக்கு. மத்த வருஷத்து சராசரியோட ஒப்பிட்டுப் பாக்கலாம், எல்லாருக்கும் ஒரே அளவு ஏத்தலாம். 2008 மூணாவது கேள்வியை எந்தத் தராசுல போட்டு எல்லாருக்கும் சமமா ஏத்துவீங்க?

நொவிட்ஸ்கி கதையை முடிச்சுடறேன். அந்தப் பரீட்சை நடந்து மூணு வருஷம் கழிச்சு, 2011 மே 17. ஓக்லஹோமா சிட்டி அணிக்கு எதிரா வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் இறுதிச்சுற்றோட முதல் ஆட்டம், டல்லாஸ்ல. அன்னிக்கு அவர் 48 பாயிண்ட் எடுத்தார். அதுல பாதி ஃப்ரீ த்ரோ. 24 வீசினார், 24ம் உள்ள. ப்ளே-ஆஃப் ஆட்டம் ஒண்ணுல ஒண்ணு கூட தவறாம இத்தனை போட்டது அப்போ சாதனை. அந்த வருஷம் டல்லாஸ்தான் சாம்பியன்.

0.904ஐ இருபத்திநாலு தடவை பெருக்கிப் பாத்தேன். 8.9 சதவீதம் வந்துச்சு. எத்தனை வீச்சுன்னு இந்தத் தடவை தெரியுங்கறதால மனுஷன் நிம்மதியா கணக்குப் போட முடிஞ்சுது :-)